வன்னி வைத்தியத்துக்குக் காசு எந்த வழியால் வர வேண்டும்?

கிளினிக் நாள் என்றால் எங்கள் வீட்டில் விடிய நாலரைக்கே விளக்கு எரியும். அம்மாவுக்குச் சலரோகமும் பிரசரும். வெறும் வயிற்றில் இரத்தம் கொடுக்க வேண்டும் என்பதால் தேத்தண்ணிகூடக் குடிக்காமல்தான் புறப்படுவார். முல்லைத்தீவு மாவட்டத்தில், ஒட்டுசுட்டானிலிருந்து உள்ளே தள்ளி இருக்கிற ஊர் எங்களுடையது. பிரதான வீதிக்கு வர ஆட்டோ, அங்கிருந்து பஸ், இறங்கினால் நம்பர் எடுக்க வரிசை.

போன மாதம் போனபோது ஒரு பரிசோதனைக்கான இரசாயனம் ஆய்வுகூடத்தில் முடிந்திருந்தது. மூன்று குளிசைகளில் ஒன்று கையிருப்பில் இல்லை. மருந்து கொடுக்கிற பிள்ளை மனம் நொந்துதான் சொன்னது: "அம்மா, இது ரெண்டு மூண்டு கிழமையா வரயில்லை. துண்டில எழுதித் தாறன், வெளியில வாங்குங்கோ." தனியார் ஆய்வுகூடத்தில் இரத்தம் கொடுத்து, பார்மசியில் குளிசை வாங்கி, பின்னேரம் வீடு வந்து, கிளினிக் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் அம்மா கணக்கு எழுதினார். ஆட்டோ, பஸ், பரிசோதனை, குளிசை. கூட்டிப் பார்த்தால் அப்பாவின் இரண்டு நாள் கூலி. அம்மாவோடு போனதால் அன்று அவர் வேலைக்குப் போகவில்லை, அதையும் சேர்த்தால் மூன்று நாள். வைத்தியசாலையில் எங்களிடம் ஒரு சதமும் கேட்கவில்லை.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், எங்கள் ஊர்ச் சங்கத்தில் இப்போது ஒரு தீர்மானம் எடுக்க வேண்டியிருக்கிறது. வெளிநாட்டில் இருக்கிற உறவுகள் வைத்தியத்துக்கென்று மாதாமாதம் ஒரு தொகை அனுப்ப ஆயத்தமாக இருக்கிறார்கள். குடும்பங்களுக்குக் காப்புறுதி எடுத்துக் கொடுப்போம் என்கிறார் ஒருவர். பக்கத்து வைத்தியசாலைக்கு இயந்திரம் வாங்குவோம் என்கிறார் இன்னொருவர். வசதியுள்ளவர்களிடம் கட்டணம் வாங்கினால் எல்லாம் சரிவரும் என்று ஒரு ஓய்வுபெற்ற ஆசிரியர் எழுந்து நின்று பேசினார். எங்கள் சங்கத்தின் பிரச்சினை சிறியது, ஆனால் நாடு முழுவதுக்குமான கேள்வியும் இதுதான். எல்லோருக்கும் சுகாதாரப் பாதுகாப்பு என்பதை 2030க்குள் எட்டுவதாக ஐக்கிய நாடுகள் சபையில் உலக நாடுகள் ஒத்துக்கொண்டிருக்கின்றன. அதற்கு மூன்று அளவுகோல் வைத்திருக்கிறார்கள். யாருக்கெல்லாம் சேவை கிடைக்கிறது, என்னென்ன சேவை கிடைக்கிறது, அதற்காக ஆட்கள் தங்கள் சட்டைப்பையிலிருந்து எவ்வளவு கொடுக்கிறார்கள்.

முதலாவதில் இலங்கைக்கு நல்ல பெயர். 1951இலிருந்து அரச வைத்தியசாலைகளில் கட்டணம் இல்லை. வாட்டில் தங்கிச் சிகிச்சை பெறுகிறவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் அரச வைத்தியசாலைக்குத்தான் போகிறார்கள். மூன்றாவதில்தான் அடி. நாட்டின் மொத்தச் சுகாதாரச் செலவில் பாதிக்குக் கிட்ட ஆட்கள் தாங்களே கொடுக்கிறார்கள். அதில் பெரும்பங்கு வெளிநோயாளர் வைத்தியம், மருந்து, பரிசோதனை. அம்மாவின் கொப்பியில் இருக்கிற அதே கணக்கு. ஆகவே ஒவ்வொரு வழியையும் நான் அந்தக் கடைசிப் பக்கத்தை வைத்துத்தான் பார்க்கிறேன். எந்த வழி அந்தக் கூட்டுத்தொகையைக் குறைக்கும்?

காப்புறுதி

கேட்பதற்கு ஆசையாக இருப்பது இதுதான். மாதம் கொஞ்சம் கட்டினால் பெரிய வருத்தம் வந்தாலும் பயமில்லை. அரச உத்தியோகத்தர்களுக்கு அக்ரஹார இருக்கிறது, சம்பளத்திலேயே கழிகிறது, அவர்களுக்கு உதவியாகவும் இருக்கிறது. சம்பளச் சீட்டு இருக்கிற இடத்தில் காப்புறுதி நடக்கும்.

வன்னியில் எத்தனை பேருக்குச் சம்பளச் சீட்டு இருக்கிறது? வயல் செய்கிறவருக்குக் காசு வருவது பெரும்போகம் வெட்டினால்தான், தண்ணீர் இருந்தால் சிறுபோகத்திலும். அந்தக் காசு வரும்போதே உரக்கடைக்கும் உழவு இயந்திரக்காரருக்கும் அடைவு வைத்த நகைக்கும் போய்விடும். கரையோரத்தில் தொழிலுக்குப் போகிறவருக்கு மீன் பட்டால் காசு. இவர்களிடம் மாதாமாதம் தவணை வாங்குவது எப்படி? வாங்க முடியாதவர்களுக்கு அரசு கட்ட வேண்டும், அப்படியென்றால் அது வரிப்பணம்தான். கானாவில் நடந்தது அதுவே. 2003இல் தேசியக் காப்புறுதிச் சட்டம் கொண்டுவந்தார்கள். பெயர் காப்புறுதி, ஆனால் அதன் வருமானத்தில் பெரும்பகுதி வற் வரியோடு சேர்த்து அறவிட்ட இரண்டரை வீத விசேட வரியிலிருந்து வந்தது.

இன்னொரு சங்கடமும் உண்டு. இந்தியாவில் 2018இல் தொடங்கிய ஆயுஷ்மான் பாரத் காப்புறுதி ஒரு குடும்பத்துக்கு வருடம் 5 இலட்சம் இந்திய ரூபாய் வரை தருகிறது, ஆனால் வாட்டில் படுத்தால்தான். கிளினிக்குக்குப் போய்வருவதும் மாதக் குளிசையும் அதற்குள் வராது. இங்கே தனியார் கொம்பனிகள் விற்கிற காப்புறுதியும் அனேகமாக வாட்டுச் செலவுக்கானதுதான். நாங்கள் ஏற்கெனவே இலவசமாகப் பெறுகிற ஒன்றுக்குக் காசு கட்டி, காசு போகிற இடத்தை அப்படியே விட்டுவிடுவோம். அதோடு, அந்த அட்டையைக் கொண்டு போய்க் காட்டப் பெரிய தனியார் வைத்தியசாலை பக்கத்தில் இருக்க வேண்டுமே. யாழ்ப்பாணம் போக வேண்டும், இல்லையென்றால் கொழும்பு. சங்கத்தில் நான் இதற்கு வாக்களிக்கவில்லை.

வசதியுள்ளவரிடம் கட்டணம்

இது புதிய யோசனை இல்லை. 1971இல் வெளிநோயாளர் பிரிவுக்கு 25 சதம் கட்டணம் கொண்டுவந்தார்கள், 1977இல் நீக்கினார்கள். கொழும்புக்கு அருகில் ஸ்ரீ ஜயவர்தனபுர வைத்தியசாலை அரசின் கீழ் இருந்தாலும் கட்டணம் வாங்குகிறது, அந்தப் பகுதியில் அதைக் கொடுக்கக் கூடியவர்களும் இருக்கிறார்கள். முல்லைத்தீவில் யாரிடம் வாங்குவது? வசதியுள்ளவர் யார், இல்லாதவர் யார் என்று பிரிப்பது எவ்வளவு கஷ்டம் என்பதை 2023இல் அஸ்வெசும நலன்புரி உதவிக்கான தெரிவின்போது பார்த்தோம். நாடு முழுவதும் மேன்முறையீடுகள் இலட்சக்கணக்கில் குவிந்தன. கல்வீடு இருப்பதால் பெயர் விழாமல் போன குடும்பங்கள் எங்கள் ஊரிலேயே இருக்கின்றன. அந்தக் கல்வீடு வீட்டுத்திட்டத்தில் கிடைத்தது, உள்ளே சீமெந்து பூசக்கூடக் காசில்லாமல் இருக்கிறார்கள். இதே பிரிப்பை வைத்தியசாலை வாசலில் செய்ய நான் சம்மதிக்க மாட்டேன்.

அதோடு, இலவசம் என்று சொல்கிறோமே தவிர நாங்கள் காசு கொடுக்காமல் இல்லை. 2024 ஜனவரியிலிருந்து வற் வரி 18 வீதம். மல்லாவிக் கடையில் சவர்க்காரம் வாங்குகிற கூலிக்காரரும் அதைத்தான் கட்டுகிறார். ஏற்கெனவே கட்டியதற்கு இரண்டாம் தரம் கட்டச் சொல்வது நியாயமில்லை.

உறவுகளின் உதவியும் வெளிநாட்டு உதவியும்

இதில்தான் நான் அதிகம் யோசித்தேன். ஏனென்றால் வன்னியில் கண்ணால் கண்ட முன்னேற்றத்தில் பலது இப்படி வந்ததுதான். 2011இல் பருத்தித்துறையிலிருந்து தெய்வேந்திரமுனை வரை ஆட்கள் நடந்து காசு சேர்த்தார்கள், அதில்தான் தெல்லிப்பழைப் புற்றுநோய் வைத்தியசாலை எழுந்தது. வன்னியிலிருந்து கொழும்புப் பக்கம் மகரகமப் புற்றுநோய் வைத்தியசாலைக்குப் போய்க்கொண்டிருந்தவர்கள் பலருக்கு அந்தப் பயணம் சுருங்கியது. வடக்கு வைத்தியசாலைகளுக்கு நெதர்லாந்து கைகொடுத்தது. 2024 மே மாதம் கிளிநொச்சியில் பெண்களுக்கான சிகிச்சை நிலையமும் மாங்குளத்தில் புனர்வாழ்வு மருத்துவப் பிரிவும் திறக்கப்பட்டன. போரில் கை, கால் இழந்தவர்களும் முள்ளந்தண்டு பாதிக்கப்பட்டவர்களும் இவ்வளவு பேர் இருக்கிற மண்ணில், ஏ-9 வீதியோரத்தில் அப்படி ஒரு இடம் வந்தது பெரிய விஷயம்.

ஆனால் தானமாக வருவது கட்டடமும் இயந்திரமும். அதை ஓட்டுவதற்கு மாதாமாதம் சம்பளம், மின்சாரம், இரசாயனம், திருத்தவேலை வேண்டும். வன்னியில் ஒரு வைத்தியசாலையில் நானே பார்த்தேன். உறவுகள் அனுப்பிய ஒரு இயந்திரம் மூலையில் இருந்தது. சுற்றிய பொலித்தீன்கூட முழுதாகக் கழற்றவில்லை. மேலே பழைய பதிவுப் புத்தகங்கள் அடுக்கியிருந்தன. அன்பளிப்புச் செய்தவர்களின் பெயர்ப்பலகை மட்டும் துடைத்துப் பளிச்சென்று இருந்தது. அதை இயக்க ஒரு தொழில்நுட்பவியலாளர் வேண்டும், அந்த வைத்தியசாலையின் ஆளணியில் அந்தப் பதவியே இல்லை. வாங்கிக் கொடுத்தவர்களில் ஒருவர் லண்டனில் இரவு வேலை செய்கிற என்னுடைய ஒன்றுவிட்ட அண்ணா. அவருக்கு இதை எப்படிச் சொல்வது என்று இன்னமும் எனக்குத் தெரியவில்லை.

சரியாக நடந்த உதாரணமும் இருக்கிறது. 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் வருகிற சுவசெரிய அம்புலன்ஸ் 2016இல் இந்திய உதவியோடு தென், மேல் மாகாணங்களில் தொடங்கி, 2018 ஜூலையில் வடக்குக்கு வந்தது. அந்த வருடமே அதற்கென்று தனிச் சட்டம் போட்டு ஒரு மன்றம் அமைத்து, ஓட்டுகிற பொறுப்பை அரசு எடுத்துக்கொண்டது. வண்டி வெளியிலிருந்து வந்தது, சாரதியின் சம்பளம் உள்ளிருந்து வருகிறது. அதனால்தான் இன்றைக்கும் நாங்கள் 1990ஐ அழைத்தால் வண்டி வருகிறது.

வரிப்பணம்

சுற்றிச் சுற்றி இங்கேதான் வந்து நிற்கிறோம். மாதாமாதம் வருகிற செலவுக்கு மாதாமாதம் வருகிற காசு வேண்டும். அது அரசிடம் மட்டும்தான் இருக்கிறது. 2025 வரவுசெலவுத் திட்டத்தில் சுகாதாரத்துக்கு 604 பில்லியன் ரூபாய் ஒதுக்கினார்கள், அதில் மருந்துக்கு 185 பில்லியன். கேட்கப் பெரிய தொகை. ஆனால் இலங்கை அரசு பொதுவாகச் சுகாதாரத்துக்குச் செலவழிப்பது மொத்த உள்நாட்டு உற்பத்தியில் இரண்டு வீதத்துக்குள்தான் நிற்கிறது. எல்லோருக்கும் பாதுகாப்பு வேண்டுமென்றால் ஐந்து வீதமாவது வேண்டும் என்பது உலக அளவில் பேசப்படுகிற கணக்கு.

வரிப்பணத்தின் பலவீனம், அரசின் பை சுருங்கினால் எங்கள் குளிசையும் சுருங்கும் என்பதுதான். 2019 கடைசியில் வற் வரியை 15இலிருந்து 8 வீதமாகக் குறைத்தார்கள். அப்புறம் கொரோனா. 2022இல் வரி வருமானம் உற்பத்தியின் 8 வீதத்துக்கும் கீழே போய், அந்த ஏப்ரலில் நாடு வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று அறிவித்தது. மருந்தில் பெரும்பகுதி இறக்குமதி. டொலர் இல்லையென்றால் மருந்தும் இல்லை. "வெளியில வாங்குங்கோ" என்று எழுதிக் கொடுத்த துண்டுகள் அப்போதுதான் எங்கள் வீடுகளில் சேரத் தொடங்கின. வரியைக் குறைத்தபோது கைதட்டியவர்கள் கொழும்பில் இருந்தார்கள், அதன் விலையை நாங்கள் பார்மசியில் கொடுத்தோம்.

சிலர் புகையிலைக்கும் மதுவுக்கும் சீனிப் பானத்துக்கும் தனி வரி போட்டு அதைச் சுகாதாரத்துக்கே ஒதுக்கலாம் என்கிறார்கள். 2017இல் இங்கேயும் சீனிப் பானத்துக்கு வரி வந்தது. தாய்லாந்தில் 2001இலிருந்து மது, புகையிலை மீது 2 வீத மேலதிக வரி போட்டுச் சுகாதார மேம்பாட்டுக்குக் கொடுக்கிறார்கள். எனக்கும் இது பிடித்திருக்கிறது. ஒரு எச்சரிக்கை மட்டும்: இந்தப் பக்கம் வருகிறதே என்று திறைசேரி அந்தப் பக்கம் வழக்கமாகக் கொடுப்பதைக் குறைத்துவிடக் கூடாது. அதைச் சட்டத்திலேயே எழுத வேண்டும்.

கடன் தீரட்டும், அப்புறம் பார்க்கலாம் என்கிறவர்களுக்கு இரண்டு விஷயம் சொல்லலாம். ஒன்று எங்கள் நாட்டினுடையது. 1931இல் சர்வசன வாக்குரிமை வந்தது. 1934-35இல் மலேரியா ஏறத்தாழ 80 ஆயிரம் பேரைக் கொன்றது. கிராமத்து ஆட்களின் வாக்கை நம்பியிருந்த சட்டசபை உறுப்பினர்கள் தங்கள் தங்கள் ஊருக்கு வைத்தியசாலை கேட்டார்கள். கிராமங்களில் இன்று பார்க்கிற சின்ன வைத்தியசாலைகள் பலவற்றின் தொடக்கம் அந்தக் காலம். அப்போது நாடு இன்றையதைவிட ஏழை. மற்றது தாய்லாந்து. 1997இல் அங்கே நாணயம் சரிந்து பொருளாதாரம் விழுந்தது. 2002இல் ஒரு தடவைக்கு 30 பாத் மட்டும் கொடுத்தால் போதும் என்ற திட்டம் நாடு முழுவதும் வந்துவிட்டது, மிச்சச் செலவெல்லாம் வரிப்பணத்தில். அதற்கு முன் அவர்கள் செய்த வேலையைத்தான் நான் கவனிக்கச் சொல்கிறேன். 1972இலிருந்து புது டொக்டர்களுக்குக் கிராமச் சேவையைக் கட்டாயமாக்கினார்கள். 1982 முதல் 1986 வரை நகர்ப்புறப் பெரிய வைத்தியசாலைகளின் கட்டட முதலீட்டை நிறுத்திவைத்து, அந்தக் காசைக் கிராமப்புறச் சின்ன வைத்தியசாலைகளுக்குக் கொடுத்தார்கள். ஐந்து வருடம் நகரத்து ஆட்களுக்குப் பொறுங்கள் என்று சொல்ல அங்கே ஒரு அரசால் முடிந்திருக்கிறது.

யார் தீர்மானிப்பது

அரசியல் தடை என்று நான் சொல்வது இதைத்தான். வன்னித் தேர்தல் மாவட்டத்துக்கு 225 பேர் பாராளுமன்றத்தில் 6 ஆசனம். மன்னார், வவுனியா, முல்லைத்தீவு மூன்றுக்கும் சேர்த்து. கிளிநொச்சி யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்துக்குள் போகிறது. ஆட்களை எண்ணிக் காசு பிரித்தால் எங்களுக்கு எப்போதும் குறையத்தான் வரும். 2012 குடிசன மதிப்பீட்டில் முல்லைத்தீவில் சுமார் 92 ஆயிரம் பேர். யாழ்ப்பாண மாவட்டத்தின் சனத்தொகையில் ஆறில் ஒரு பங்குக்குக் கிட்ட, ஆனால் பரப்பளவு அதைவிட இரண்டு மடங்குக்கு மேல். துணுக்காயில் ஒருவருக்கு மருந்து கொண்டுபோய்ச் சேர்க்கிற செலவும் யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் சேர்க்கிற செலவும் ஒன்றில்லை. தலைக்கு இவ்வளவு என்கிற கணக்கில் தூரத்துக்கு இடமில்லை.

அரசியலமைப்பின் 13ஆவது திருத்தத்தோடு சுகாதாரத்தில் பெரும்பகுதி மாகாணத்திடம் வந்தது. ஆனால் டொக்டர்களை நியமிப்பது மத்திய அரசு, ஒரு புதிய பதவிக்கு அனுமதி கொடுப்பது திறைசேரியின் கீழ் இருக்கிற முகாமைத்துவ சேவைகள் திணைக்களம். மாகாணத்தின் சொந்த வருமானம் வாகன வரிப்பத்திரம், முத்திரைத் தீர்வை, நீதிமன்றத் தண்டப்பணம் என்று சில்லறைதான். மிச்சத்துக்கு மத்தியின் கையைப் பார்க்க வேண்டும். 2013இல் தெரிவான வடமாகாண சபையின் காலம் 2018 ஒக்டோபரில் முடிந்தது. அதற்குப் பிறகு தேர்தல் நடக்கவில்லை. புதிய தேர்தல் முறைக்கான தொகுதி எல்லை நிர்ணய அறிக்கையைப் பாராளுமன்றம் தோற்கடித்தது, பழைய தேர்தல் முறைக்கும் திரும்பவில்லை, எல்லாம் அப்படியே நிற்கிறது. குளிசை ஏன் இல்லை என்று வாக்குக் கேட்டு வருகிறவரிடம் கேட்க, மாகாணத்தில் வாக்குக் கேட்டு வருகிறவரே இல்லை.

அதனால்தான் பெரிய வைத்தியசாலைகளை மத்தி எடுத்துக்கொள்ளட்டும் என்ற குரல் வருகிறது. நோயாளியின் பக்கத்தில் நின்று பார்த்தால் அந்த ஆசை எனக்கு விளங்குகிறது. மத்தியின் கீழ் போனால் ஆளணி கூடும், ஸ்கான் வரும், விசேட வைத்திய நிபுணர்கள் நிலைப்பார்கள் என்று நினைக்கிறார்கள், அது நடக்கவும் கூடும். எனக்குள்ள பயம் மிச்சம் நிற்கிற சின்ன வைத்தியசாலைகளைப் பற்றியது. மாவட்டப் பொது வைத்தியசாலை மத்திக்குப் போனால், முழங்காவில், அக்கராயன், தர்மபுரம் போன்ற இடங்களுக்காகக் குரல் கொடுக்கிற பலம் மாகாணத்துக்கு இன்னும் குறையும். அம்மாவின் குளிசையும் பரிசோதனையும் அப்படிப்பட்ட சின்ன இடத்தில் கிடைக்க வேண்டியவை. அவற்றுக்கு விசேட நிபுணர் தேவையில்லை. ஒரு மருந்தாளர், ஒரு ஆய்வுகூடத் தொழில்நுட்பவியலாளர், தடைப்படாமல் வருகிற இரசாயனம், தமிழில் பேசி விளங்கப்படுத்துகிற ஒரு டொக்டர். இவ்வளவும் இருந்தால் நாலரைக்கு விளக்கு எரிய வேண்டியதில்லை. ஆனால் ஒரு தொழில்நுட்பவியலாளரின் நியமனத்துக்கு ரிபன் வெட்ட முடியாது, கல்வெட்டில் பெயர் பொறிக்க முடியாது. எந்தக் கட்சி வந்தாலும் கட்டடம் முந்துவதும் ஆள் பிந்துவதும் இதனால்தான்.

நாங்கள் எடுத்த முடிவு

சங்கத்தில் மூன்று கூட்டம் நடந்தது. காப்புறுதியைக் கைவிட்டோம். கட்டணம் பற்றிய பேச்சில் ஆசிரியர் ஐயா தன் கருத்தை மாற்றவில்லை, ஆனால் எங்கள் பகுதிக்குப் பொருந்தாது என்று ஒத்துக்கொண்டார். உறவுகளின் காசில் முதல் பங்கைக் கிளினிக் நாளில் ஒரு வாகனம் விடப் பயன்படுத்துகிறோம். ஊரிலிருந்து வைத்தியசாலைக்கு நேராகப் போய் நேராக வரும், முதியவர்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் முன்னுரிமை. இது அரசு செய்ய வேண்டிய வேலை இல்லையா என்று ஒருவர் கேட்டார். அரசு செய்ய வேண்டியதுதான். அரசு செய்யும்வரை அம்மாமார் ஆட்டோவுக்குக் கடன் வாங்கக் கூடாது என்பதற்காகத்தான் இது.

இயந்திரத்தை அடியோடு வேண்டாம் என்று சொல்லவில்லை. அதற்கு முன் பிராந்திய சுகாதார சேவைகள் பணிப்பாளருக்குக் கடிதம் எழுதியிருக்கிறோம். இரத்தப் பரிசோதனை இயந்திரம் ஒன்று வாங்கித் தந்தால் அதை இயக்கும் பதவி ஆளணியில் இருக்கிறதா, இல்லையென்றால் எப்போது அனுமதி கிடைக்கும், முதல் இரண்டு வருடத்துக்குப் பிறகு இரசாயனத்துக்கு யார் காசு ஒதுக்குவது. மூன்றுக்கும் எழுத்தில் பதில் வேண்டும் என்று கேட்டோம். வன்னியின் ஆறு பாராளுமன்ற உறுப்பினர்களுக்கும் கடிதத்தின் பிரதி அனுப்பினோம், எந்தக் கட்சி என்று பார்க்கவில்லை. லண்டன் அண்ணாவுக்கும் ஒரு பிரதி அனுப்பினேன். அந்த மூலையில் இருக்கிற இயந்திரத்தைப் பற்றியும் இரண்டு வரி சேர்த்து எழுதினேன்.

அம்மாவின் அடுத்த கிளினிக் 18ஆம் திகதி. வாகனம் ஆறரைக்குப் பிள்ளையார் கோயிலடிக்கு வரும். இந்த முறை அப்பா கூடப் போகத் தேவையில்லை, அவருக்கு அன்று அருவி வெட்டு வேலை இருக்கிறது.